நாற்பத்து மூன்றாவது படிவம்

கோலாலம்பூர்
20.01.2024

என் கூடப்பிறந்த மூத்த சகோதரி மர்ளியா தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி ஹஃபீலா இங்கே நல்ல சுகம். நீங்களும் தாஹிர் மச்சானும் அங்கே சுகமாக இருக்க அல்லாஹ் துணை.

இரண்டு வாரமாக உங்கள் போன் அடிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு நஸ்லியாவுக்கு எடுத்தேன். "எல்லாரும் சொகம், தாத்தா கடிதம் போடச் சொன்னா" என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டாள். இந்தக் காலத்தில் கடிதமா? சரி, எழுதுகிறேன். எனக்கும் உங்களால் ஒரு காரியம் ஆகவேண்டும்.

கருவாடு காயவைக்க என்று கொழும்பு நிறுவனமொன்று நம் கரையில் நாலு பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் கொடுத்ததல்லவா, அவர்கள் இப்போது புத்தளத்திலிருந்து சிலாபம் வரை இன்னும் இருநூறு போடப் போகிறார்கள். அதற்கு முன் பழையவை பயன்பட்டனவா என்று ஆராயச் சொல்லி எங்கள் வணிகப் பீடத்திடம் கேட்டார்கள். அதுதான் என் ஆய்வு. நான் சொல்வதை வைத்துத்தான் இருநூறும் வரும், அல்லது வராது.

வணிக முகாமைத்துவம் என்றால் கம்பனிக்காரனுக்கு லாபம் கூட்டிக் கொடுக்கிற படிப்பு என்று மச்சான் பகிடி பண்ணுவாரே, அவருக்கு இதைச் சொல்லுங்கள். மழை மாதத்தில் நம் பெண்கள் அழுகின மீனைக் களப்புத் தண்ணீரில் கொட்டாமல் இருக்க என்ன வழி என்பதும் வணிகப் படிப்புத்தான்.

நாற்பத்து மூன்று படிவம் அனுப்புகிறேன். கருவாடு போடுகிற வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டு நிரப்பி அனுப்புங்கள். உங்களை விட்டால் எனக்கு அங்கே யார்?

துஆவில் என்னை மறக்காத தாத்தாவுக்கு,
ஹஃபீலா


கற்பிட்டி
14.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம், அல்ஹம்துலில்லாஹ். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நூடில்ஸைத் தின்றுவிட்டுச் சோறு என்று பொய் சொல்லாதே.

போன் மீனுக்கு உப்புப் போடுகிற பீப்பாய்க்குள் விழுந்துவிட்டது. வெயிலில் வைத்துப் பார்த்தேன், அரிசிக்குள் புதைத்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை. மச்சானுடையது ஏற்கெனவே கடலில் போய்விட்டது. இனிமேல் கடிதந்தான்.

நாற்பத்து மூன்றும் நிரப்பியாயிற்று. எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதினேன். "ஹஃபீலா புள்ளட வேலையா? தாங்க, தாங்க" என்று எல்லாரும் கதிரை போட்டுப் பதில் சொன்னார்கள். கடைசிப் படிவம், நாற்பத்து மூன்றாவது, என்னுடையது.

படிவத்தை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனையோ பேர் வந்து எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அழுகினதை எங்கே கொட்டுகிறீர்கள், மீன் காய்கிற நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது என்று எவரும் கேட்டதில்லை. வாப்பா இருந்திருந்தால் அந்தத் தாளை முழு ஊருக்கும் காட்டியிருப்பார்.

மச்சான் நல்லாயிருக்கிறார்.

உன் தாத்தா
மர்ளியா


கோலாலம்பூர்
10.03.2024

என் அருமைத் தாத்தாவுக்கு,

ஸலாம். நோன்பு வரப்போகிறது. உங்கள் நோன்புக் கஞ்சியை நினைத்தால் இங்கே எதுவும் வாயில் வைக்க முடியவில்லை.

படிவங்கள் வந்துவிட்டன. நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்தொரு பேர் "ஓம், கூடாரத்தைப் பாவிக்கிறோம்"! எங்கள் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் பார்த்தார். உங்கள் படிவந்தான் எல்லாவற்றிலும் அழகு. வாரம் அறுபது கிலோ மீன், அத்தனையும் கூடாரத்தில். மச்சானுக்கு நல்ல மீன்பாடுதான் போலிருக்கிறது!

யூலை முப்பதாம் திகதி கொழும்பு நிறுவனத்தின் குழு கூடுகிறது. நான் இங்கிருந்தே திரையில் பேசவேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். நான் ஹொஸ்டலில் இருந்த காலத்தில் உங்கள் கடிதம் எது வந்தாலும் அடியில் மச்சான் ஒரு வரி கிறுக்குவாரே, "மச்சினிச்சி, படிச்சது போதும், வந்து இறால் உரி" என்று. இந்தமுறை அது இல்லை. கோபமா?

ஹஃபீலா


கற்பிட்டி
15.04.2024

தங்கச்சிக்கு,

ஸலாம். பெருநாள் நன்றாகப் போனது. உனக்கென்று தொதல் கிண்டி எடுத்து வைத்தேன், நஸ்லியாவின் பிள்ளைகள் தின்றுவிட்டன.

மச்சானுக்குக் கோபமில்லை. வலை தைக்கிறார், கைக்கு ஓய்வில்லை. உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்.

நானும் சும்மா இருக்கவில்லை. காலையில் இடியப்பம் அவிக்கிறேன். இந்தக் கடிதம் சின்னது, குறை நினைக்காதே.

மர்ளியா


கோலாலம்பூர்
08.05.2024

தாத்தாவுக்கு,

ஸலாம். உடம்புக்குச் சுகம், மனந்தான் சரியில்லை.

படிவத்தில் பதினோராம் கேள்வி ஞாபகமா? போன ஒக்டோபர், நவம்பரில் பத்து மீனுக்கு எத்தனை மீனைக் கொட்டினீர்கள் என்பது. அந்தப் பதில்களை நேற்றுத்தான் கூட்டிப் பார்த்தேன். கூடாரம் வருவதற்கு முன் எவ்வளவு கொட்டினார்களோ அதே அளவுதான். பத்து மீனில் நாலு அழுகிப்போகிறது.

எல்லாரும் கூடாரத்தில் காயவைத்தால் மழைக்கு மீன் எப்படி அழுகும்? கடலில் மீன் குறைந்துகொண்டே போகிறது, பிடித்ததிலும் பாதிக்குக் கிட்ட களப்புக்குள். இது புரியாமல் நான் எப்படி இருநூறு கூடாரத்துக்குக் கையெழுத்து வைப்பது?

ஒரு விஷயம் விடாமல் எழுதுங்கள். இடியப்பம் வீட்டுக்கா அவிக்கிறீர்கள்? இரண்டு பேருக்கு அதைச் செய்தியாக எழுதியிருக்கிறீர்களே!

ஹஃபீலா


கோலாலம்பூர்
20.06.2024

தாத்தா,

ஸலாம். ஆறு வாரமாகக் கடிதமில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்காவது இரண்டு வரி வரும் என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். யூலை முப்பதுக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது. நான் பிழையாகச் சொன்னால் கரை நெடுக இருநூறு கூடாரம் சும்மா நிற்கும், பெண்களுக்கு வரவேண்டிய உதவி அதோடு முடிந்துவிடும். நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

ஹஃபீலா


கற்பிட்டி
02.07.2024

என் தங்கச்சிக்கு,

ஸலாம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூடாரத்தை ஒருவரும் பாவிப்பதில்லை. ஒன்றில் நஸ்லியாவின் ஆடு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றில் விறகு. ஒன்றின் பிளாஸ்டிக்கைக் காற்றுக் கிழித்துவிட்டது. மற்றதில் கல்யாண வீட்டுக் கதிரைகள்.

நடந்தது இதுதான். முதல் வீடு றஹ்மத் உம்மாவுடையது. உனக்குத் தெரியும், அவ ஒரு சொல் சொன்னால் அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அதுதான் சொல். என் கையில் பேனை. அவ கேட்டா:

"இல்லை எண்டு போட்டா ஹஃபீலாக்கு மார்க்ஸ் கொறையுமா புள்ள?"

"தெரியா மாமி."

"அப்ப ஓம் எண்டு போடு. அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிற நம்ம புள்ள நம்மளால பெயிலாகவா?"

நான் போட்டேன். இரண்டாம் வீட்டுக்குப் போகுமுன் செய்தி அங்கே போய்விட்டது. மூன்றாம் வீட்டில் எனக்குப் பிளேன்டீயும் தந்து, "ஓம், ஓம், எல்லாம் ஓம்" என்றார்கள். பதினோராம் கேள்விக்கு எவ்வளவு சொன்னாலும் உனக்குப் பாதகமில்லை என்று நினைத்து அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு "இல்லை" வந்ததே, அது ஷிம்லாவும் அடுத்த வீட்டிலிருக்கிற அவளுடைய மாமியும். அவர்களுக்கும் எனக்கும் பேச்சில்லை, தங்கச்சி. பெருநாளுக்குக்கூட முகம் பார்ப்பதில்லை. நீ பாஸானால் என்ன, பெயிலானால் என்ன என்று உள்ளதைச் சொன்னார்கள்.

நான் படித்த பொம்பிளை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ என்னைத் திட்டு. ஆனால் படிப்பை மட்டும் விட்டுவிடாதே.

மர்ளியா


கோலாலம்பூர்
01.08.2024

தாத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நூலக வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தது. பொய் ஏன், அழுகையும் வந்தது. பிறகு ஷிம்லாவை நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. உங்களுடன் கோபித்துக்கொண்ட இரண்டு பேரால்தான் என் ஆய்வில் இரண்டு உண்மையாவது இருந்திருக்கிறது!

பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "நாற்பத்தொரு பேர் உன்மேல் அன்பாக இருந்திருக்கிறார்கள். ஆய்வாளருக்கு அது பெரிய இடைஞ்சல். இதையே முதல் அத்தியாயமாக எழுது" என்றார். இவரிடம் படிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

முந்தாநாள் குழு கூடியது. திரையில் பதினான்கு முகம். "என் முடிவு பிழை. கேட்ட முறையும் பிழை. என் சொந்தத் தாத்தாவை அனுப்பி, ஊர்ப் பிள்ளைக்காக ஊரிடம் கேட்டேன்" என்று சொன்னேன். ஒருவர், "அப்படியானால் ஏன் பாவிக்கவில்லை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். இருநூறு கூடாரத்தையும் ஒத்திவைத்துவிட்டு, கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார்கள்.

ஆகையால் இந்தமுறை படிவம் இல்லை. ஒரு வெற்றுக் கொப்பி அனுப்புகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காலைப்பொழுது சும்மா உட்காருங்கள். கேட்க வேண்டாம், பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். ஷிம்லா வீட்டுக்கும் போகவேண்டும்.

உங்களைத் திட்டவில்லை. அந்தக் கடிதத்தை எழுத எவ்வளவு மனத்தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஹஃபீலா


கற்பிட்டி
30.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் கொப்பி நிரம்பி, நஸ்லியாவின் மகனுடைய கணக்குக் கொப்பியிலும் பாதி எழுதிவிட்டேன்.

இந்த ஊரிலேயே பிறந்தேன், பன்னிரண்டு வயதில் மீன் வெட்டினேன். இவ்வளவு நாளும் கண் இருந்தும் பார்க்கவில்லை போலிருக்கிறது. கேள்!

கூடாரம் நிற்பது இறங்குதுறைக்குப் பக்கத்தில். வீட்டிலிருந்து பத்து நிமிச நடை. நெத்தலி என்றால் மணிக்கொருதரம் புரட்ட வேண்டும். ஹஃபீலா, எந்தப் பொம்பிளை அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மணிக்கொருதரம் அங்கே ஓடுவாள்? இங்கே எல்லாரும் மீனை முற்றத்தில் போட்டு, சமைத்துக்கொண்டே ஒரு கண்ணால் பார்க்கிறார்கள். காகம் வந்தால் அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கூடாரத்தைச் செய்தவர்கள் நாங்கள் வேலைக்குப் "போகிறோம்" என்று நினைத்துவிட்டார்கள். எங்களுக்கு வேலையும் வீடும் ஒரே முற்றம்.

நிஸ்மியாவின் கணவர் மௌத்தாகி, அவள் விதவையாய் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டமாட்டாள். அவளுக்கு இறங்குதுறையும் துபாயும் ஒன்றுதான். ஆனால் தம்பி கொண்டுவருகிற மீனை முற்றத்தில் காயவைக்கிறாள். அந்த வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான்.

இன்னொன்று. கூடாரத்தில் எல்லாருடைய மீனையும் ஒன்றாகப் போடவேண்டும். றஹ்மத் உம்மா உப்பை அள்ளிப் போடுவா, ஷிம்லா கிள்ளிப் போடுவாள். இரண்டும் ஒரே தட்டில் என்றால் அன்றைக்கே சண்டை.

ஷிம்லா வீட்டுக்கும் போனேன். வாசலில் பத்து நிமிசம் நின்றேன். உள்ளிருந்து, "வந்தா உள்ளுக்கு வாங்களேன், மழை பெய்யுது" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது எங்கள் நாலு வருசச் சண்டை.

அவளுடைய தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கூடாரத்துக்கு நாங்கள் போகமுடியாது, சரி. கூடாரம் எங்களிடம் வரட்டுமே? ஆலங்குடாவில் படகு செய்கிற நிக்கொலஸ் அண்ணனிடம் சொன்னேன். காற்றுக் கிழித்த கூடாரத்துப் பிளாஸ்டிக்கை வெட்டி, கட்டில் அளவில் ஒரு பெட்டி அடித்துத் தந்தார். இரண்டு பேர் தூக்கலாம். மழை வந்தால் தாழ்வாரத்துக்கு, வெயில் வந்தால் முற்றத்துக்கு. பெட்டியைப் பார்த்துவிட்டு அவர், "இதென்ன தங்கச்சி, மீன் நித்திரை கொள்ள நுளம்பு வலையா?" என்று சிரித்தார். ஷிம்லாவின் கட்டா மீன் கருவாடு மழை நாளில் ஒரு துண்டுகூட அழுகவில்லை!

இதெல்லாம் ஆய்வா, இல்லாவிட்டால் ஊர்க்கதையா? எனக்குத் தெரியாது. ஆனால் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மச்சான் வீட்டில்தான் இருக்கிறார்.

மர்ளியா


கோலாலம்பூர்
22.10.2024

என் தாத்தாவுக்கு,

ஸலாம். இது ஆய்வுதான்! நான் மூன்று வருசம் புத்தகத்தில் தேடியதை நீங்கள் இரண்டு மாதத்தில் அகப்பைக்கும் அடுப்புக்கும் நடுவில் கண்டுபிடித்துவிட்டீர்கள். கொப்பியை மொழிபெயர்த்துப் பேராசிரியையிடம் கொடுத்தேன். கட்டுரையில் என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

குழுவும் ஒத்துக்கொண்டது. நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஒவ்வொரு பெட்டி, இந்த மழைக்கே. நிக்கொலஸ் அண்ணனும் ஆட்களும் அடித்துக் கொடுப்பார்கள். நல்லபடியாக வந்தால் இருநூறு கூடாரத்துக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு பெட்டி.

மழை முடியும்போது புதுப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. எல்லாருக்கும் சொல்லுங்கள், இல்லை என்றால் இல்லை என்று போடட்டும். ஒரு உண்மையான "இல்லை"யும் அதன் காரணமும் எனக்குப் பத்து "ஓம்"முக்குச் சமம். எனக்காகப் பொய் சொல்லக்கூடாது. நீங்களும்தான்.

ஹஃபீலா


கற்பிட்டி
18.12.2024

தங்கச்சிக்கு,

ஸலாம். நீ சுகமாக இருக்க தினமும் துஆ கேட்கிறேன்.

படிவங்கள் இத்துடன். றஹ்மத் உம்மாவிடம் முதலிலேயே, "மாமி, இந்தமுறை பொய் சொன்னாத்தான் புள்ள பெயில்" என்று சொல்லிவிட்டேன். அவ அப்படியே பயந்துபோய், தனக்கு எத்தனை பல் இருக்கிறது என்பதுவரை உண்மை சொன்னா.

முப்பத்தைந்து வீட்டில் பாவிக்கிறார்கள். கொட்டுகிற மீன் பத்தில் நாலாக இருந்தது இப்போது ஒன்று. களப்புக்கரையில் மூக்கைப் பொத்தாமல் நடக்கலாம். எட்டு வீட்டில் பாவிப்பதில்லை. ஐந்து வீட்டில் தாழ்வாரம் சின்னது, பெட்டி நுழையாது. இரண்டு வீட்டில் பெட்டியின் கால் குட்டை, நாய் நக்கிவிடுகிறது. இதை முதலில் சொன்னது ஷிம்லா. சொன்னபடியே கால் உயர்த்தி அடிக்க நிக்கொலஸ் அண்ணன் ஒத்துக்கொண்டார்.

எட்டாவது வீட்டின் காரணத்தை நாற்பத்து மூன்றாவது படிவத்தில் எழுதியிருக்கிறேன். அதை மூன்றுதரம் கிழித்துவிட்டு நாலாம்தரம் எழுதினேன். இங்கேயும் அதையே எழுதிவிடுகிறேன், நீ ஒருவேளை கூட்டல் கழித்தலில் கவனிக்காமல் விட்டுவிடுவாய்.

"பெயர்: மர்ளியா. பெட்டியைப் பாவிக்கிறீர்களா: இல்லை. காரணம்: வீட்டில் மீன் இல்லை. வீட்டுக்காரர் போன வருசக் கடைசியில் கடலில் வலை இழுக்கும்போது விழுந்து வலது தோள் நொறுங்கிவிட்டது. புத்தளத்துக்கும் கொழும்புக்கும் கொண்டுபோனோம். கை தோளுக்கு மேல் எழும்பாது. ஒரு வருசமாகக் கடலுக்குப் போகவில்லை. பேனை பிடிக்கவும் முடியாது. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பெட்டியை நிஸ்மியாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு இரண்டு தேவை."

போன் பீப்பாய்க்குள் விழவில்லை, தங்கச்சி. வீடியோவில் நீ மச்சானைக் காட்டு என்பாய். அதனால் அணைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஊரில் எல்லாருடைய வாயையும் கட்டினேன். வாப்பா மௌத்தான நேரம் நீ படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்து ஒரு வருசத்தைத் தொலைத்தாய். இன்னொருதரம் உன்னை வரவிடக்கூடாது என்று இரண்டு பேரும் ஒரே பிடியாக இருந்தோம்.

நீதான் உண்மையை எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். வராதே.

மர்ளியா


கோலாலம்பூர்
02.01.2025

என் தாத்தாவுக்கும் மச்சானுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எட்டு "இல்லை"யையும் அட்டவணையில் சேர்த்துவிட்டேன். ஏழுக்குக் காரணம் எழுதிவிட்டேன். எட்டாவது கட்டத்தில் மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் வைத்திருந்தேன். பிறகு நீங்கள் எழுதியபடியே எழுதினேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை. கொப்பி எழுதிய ஆய்வாளர் தன் சொந்த வீட்டையும் மறைக்கவில்லை என்று பேராசிரியை அதன் கீழ் கோடு போட்டார்.

நான் ஓடிவரவில்லை. மே மாதம் ஆய்வை ஒப்படைத்துவிட்டுத்தான் வருவேன். பயப்படாதீர்கள். ஆனால் இந்த ஒரு வருசம் நான் உங்களிடம் நாற்பத்து மூன்று வீட்டுச் சுகத்தையும் கேட்டேன், உங்கள் வீட்டுச் சுகத்தை ஒரு வரியோடு விட்டுவிட்டேன். அது எனக்குப் பொறுக்கவில்லை, தாத்தா. மச்சானின் அந்த ஒரு வரி இல்லாதபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் பத்து நாளில் உங்கள் கைக்கு வரும். பதினேழாம் திகதி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஒரு மணித்தியாலத்தில் வீடியோவில் எடுப்பேன். அலுமாரியைத் திறந்து போனைச் சார்ஜில் போடுங்கள். மச்சானை முற்றத்தில் கதிரையில் இருத்துங்கள், கையை மறைக்கவேண்டாம். "இறால் உரிக்க வா" என்று அவர் வாயால் ஒருதரம் சொல்லட்டும்.

உங்கள்
ஹஃபீலா